ஸ்டியரிங் திருப்பினால் கீச் என்கிறதா? கிருஷ்ணகிரியில் போர்டு இல்லாத ஒரு பட்டறை

கிருஷ்ணகிரி சேலம் ரோட்டில் லாரி வேலை பார்க்கிற பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. போனில் மேப் போட்டுத் தேடினாலும் வராது. பக்கத்து டயர் கடையில் "ஸ்டியரிங் பாய் எங்கே?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். லாரி ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்து மாட்டுவதுதான் அவருக்கு முழுநேர வேலை, கார் எல்லாம் நடுநடுவே. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலு பக்க ரோடும் வந்து சேர்கிற ஊர் இது. லாரிகளை நம்பி ஸ்பிரிங்குக்கு ஒருத்தர், ரேடியேட்டருக்கு ஒருத்தர், டைனமோவுக்கு ஒருத்தர் என்று ஆளுக்கு ஒரு வேலையாகப் பிழைக்கிற ஊர். அதனால் ஸ்டியரிங்குக்கு என்றே ஒருவர் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கார்க்காரர்களுக்கு அவரைத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2008 சான்ட்ரோ ஜிங், பவர் ஸ்டியரிங் உள்ளது. இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நான் மாங்காய் வியாபாரம். மே பிறந்தால் ஜூலை வரை காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் என்று தோப்புத் தோப்பாக ஏறி இறங்குவேன். பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரக மாங்காய். எல்லாம் செம்மண் பாதை. சீசன் முடிந்து வண்டியைக் கழுவினால் தண்ணீர் மெரூன் கலரில் ஓடும். காருக்குள் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அந்த மண் போய் உட்கார்ந்திருக்கும்.

போன சீசனில்தான் சத்தம் ஆரம்பித்தது. தோப்புக்குள் வண்டியை மெதுவாக ஒடிக்கும்போது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து "கீ...ச்" என்று ஒரு இழுவை. நேர் ரோட்டில் போனால் ஒன்றும் இல்லை. காலையில் லேசாக இருக்கும், மத்தியான வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் ஊருக்கே கேட்கும். ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் வாயை மூடிக்கொள்ளும். தோப்புக்காரர்களை முன் சீட்டில் உட்கார வைத்துத்தான் நான் விலை பேசுவது. சந்தூர் பக்கம் ஒரு பெரியவர், நான் டன்னுக்கு விலையைக் குறைக்கச் சொன்ன நேரம் பார்த்து வண்டி கத்த, "உங்க வண்டியே அழுவுது, நான் அழக்கூடாதா?" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன விலைக்கே வாங்கினேன்.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் கூடவே "டக்" என்று ஒன்று சேர்ந்துகொண்டது. இடது பக்கம் திருப்பி, மறுபடி வலது பக்கம் கொண்டு வரும்போது கையில் லேசாக ஒரு தட்டு. சேலம் போக மாதத்துக்கு நாலைந்து தடவையாவது தொப்பூர் கணவாய் இறங்குகிறவன் நான். முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், நடுவில் நம் சான்ட்ரோ. அங்கே ஸ்டியரிங் "டக்" என்றால் வயிற்றில் என்னவோ செய்யும்.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஏசி ரூம், டிவி, காபி எல்லாம் உண்டு. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "ரேக் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று 16,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ரேக் என்பது நாம் ஸ்டியரிங்கைத் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற பாகம். எதை வைத்து ரேக் என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பழைய வண்டி சார்" என்பதுதான் பதில். அப்புறம் ஒரு சின்ன கராஜில், டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஸ்பிரே அடித்துவிட்டார்கள். சத்தம் சுத்தமாக நின்றது. இரண்டு வாரம் கழித்து முன்னைவிடப் பெரிதாக வந்தது. அந்த ஸ்பிரே துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதற்கு நல்ல சாமான். ஆனால் ரொம்ப மெல்லிய எண்ணெய். இருக்கிற பழைய கிரீஸையும் கரைத்துக்கொண்டு இறங்கிவிடும், காய்ந்த பிறகு அங்கே மிஞ்சுவது தூசி ஒட்டிய பிசுக்குதான். இதை எனக்குச் சொன்னது பாய். நம் பக்கம் பாதிப் பேர் எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் அந்த டப்பாவைத்தான் தேடுகிறார்கள்.

பாய் பட்டறைக்கு ஒரு லாரி ஓனர் சொல்லித்தான் போனேன். போனதும் பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், திறக்கவில்லை. "சாவி போடுங்கண்ணா, ஸ்டார்ட் பண்ணாதீங்க. லாக் மட்டும் எடுத்துட்டுத் திருப்புங்க" என்றார். இன்ஜின் ஓடாமல் பவர் ஸ்டியரிங் வண்டியைத் திருப்புவது கல்லைப் புரட்டுகிற மாதிரி. முக்கித் திருப்பினேன். கீச். "சரி, பம்பும் இல்ல, பெல்ட்டும் இல்ல" என்றார். சான்ட்ரோவில் பவர் ஸ்டியரிங் பம்பை இன்ஜின் பெல்ட்தான் சுற்றுகிறது. இன்ஜின் நிற்கும்போதும் சத்தம் வருகிறது என்றால் அந்த இரண்டும் கணக்கில் இல்லை. ஒரு நிமிஷத்தில் பாதிச் சந்தேகம் கழிந்தது.

அடுத்து முன் பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தார். பையனை உள்ளே உட்கார வைத்துத் திருப்பச் சொல்லிவிட்டு, இவர் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து காயில் ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஸ்பிரிங்கைத் தாங்குகிற தண்டுக்கு ஸ்ட்ரட் என்று பெயர், அதன் மேல் பேரிங் இறுகிப்போயிருந்தால் ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு சட்டென்று விடும். அது கையில் தெரியும். கேட்கும்போது உள்ளே ஸ்டியரிங்கில் சத்தம் வருகிற மாதிரியே இருக்குமாம். இந்தப் பேரிங் போனதற்கு ரேக்கை மாற்றிவிட்டு வந்து நின்றவர்கள் நிறைய பேர் என்றார். என் வண்டியில் ஸ்பிரிங் ஒழுங்காகச் சுற்றியது. சக்கரம் தரையில் இல்லாத போதும் கீச் அப்படியே இருந்தது. ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் பூட்டை அமுக்கிப் பார்த்தார், ஆயில் கசிவு இல்லை. சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஆட்டினார், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்டில் ஆட்டம் இல்லை. டயர் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தார், ஒரே சீராக இருந்தது. "ரேக் நல்லா இருக்குண்ணா. மேல வாங்க" என்றார்.

மேல என்றால் ஸ்டியரிங் காலம் (column). ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கி, பெடல்களுக்குப் பின்னால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு ரேக்குக்குப் போகிற அந்தத் தண்டு. அதில் சத்தம் வர நாலைந்து இடம் உண்டு. வீலுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கவர் விலகி வீலில் உரசலாம். ஹாரன் வேலை செய்ய வீலுக்குப் பின்னால் ஒரு பித்தளை வளையமும் அதில் உரசுகிற ஒரு முள்ளும் இருக்கும், அது காய்ந்தாலும் கீச்சிடும். தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். கீழே தண்டு வளைந்து திரும்ப உதவுகிற இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம். தண்டு தகரத்தைத் தாண்டுகிற இடத்தில் தூசியும் தண்ணீரும் உள்ளே வராமல் ஒரு ரப்பர் உறை கவ்விக்கொண்டிருக்கும், அதுவும் ஒரு இடம்.

இங்கேதான் அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் இரண்டையும் சீட்டின் முதுகில் தூக்கிப் போட்டு, தலை பிரேக் பெடலுக்கு அடியில் போகிற மாதிரி தலைகீழாகப் படுத்துக்கொண்டார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வாயில் சின்ன டார்ச். கையில் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர். அதன் பிடியைக் காது எலும்பில் அழுத்தி, முனையை மேலே காலம் பிராக்கெட்டில் வைத்தார். பையன் திருப்பினான். தலையாட்டல், இல்லை. முனையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். இல்லை. கிராஸ் ஜாயிண்டுக்கு வந்ததும் கையை உயர்த்தி "நில்லு" என்று காட்டினார். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதுல டக்கு இருக்கு. கீச்சு இல்ல. ரெண்டும் வேற வேற ஆளு" என்றார். சர்வீஸ் சென்டரிலும் சரி, கராஜிலும் சரி, நான் உட்பட எல்லோரும் இரண்டையும் ஒரே கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கீச்சைப் பிடிக்க அவர் வாங்கிவரச் சொன்னது எதிர் டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர். அதில் துணி சோப்பைக் கொஞ்சம் கரைத்து, விரலால் தொட்டு அந்த ரப்பர் உறையைச் சுற்றித் தடவினார். "திருப்புடா." சத்தம் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் காயவிட்டுத் திருப்பச் சொன்னார். கீச். மழை பெய்தால் என் வண்டி ஏன் சும்மா இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பர், இடுக்கில் நுழைந்த செம்மண், உள்ளே சுற்றுகிற தண்டு. மூன்றும் சேர்ந்த பாட்டுக் கச்சேரியைத்தான் நான் ஒரு சீசன் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

உறையின் விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பித் திருப்பினார். பொலபொலவென்று அவர் முகத்தில் மண் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டே "எந்தத் தோப்புண்ணா இது?" என்றார். நல்ல மனுஷன்.

ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். இல்லை. அதனால் புதுசு வாங்கச் சொல்லவில்லை. பிறகு ஒரு சின்ன டியூப்பிலிருந்து வெள்ளை மாதிரி ஒரு கிரீஸ். அது சிலிகான் கிரீஸ், பிரேக் காலிப்பர் பின்னுக்குப் போடுவது. பக்கத்திலேயே டப்பா நிறைய சாதா கிரீஸ் இருக்க, அதை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் பல ரப்பர்களை ஊத வைத்துவிடும், ஊதினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று கிழியும். இரும்புக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று. வீட்டில் தானே சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற ஆட்களும் நம்மூரில் இருக்கிறார்கள்.

"டக்" வந்தது கிராஸ் ஜாயிண்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டிலிருந்து. கழன்று விழுகிற அளவுக்கு இல்லை, ஆனால் பிடி தளர்ந்திருந்தது. அதைக் காட்டும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "கீச்சை விட்டுடலாம்ணா, காதுக்குத்தான் தொந்தரவு. இது விடக்கூடாது" என்றார். 16,000 ரூபாய்க்கு ரேக்கை மாற்றியிருந்தால் இந்த போல்ட்டையும் கழற்றித்தான் மாட்டியிருப்பார்கள். டக் அதோடு நின்றிருக்கும், ரேக்கில்தான் கோளாறு என்று நானும் நம்பியிருப்பேன். கீச்சு மட்டும் இருந்துகொண்டே இருந்திருக்கும்.

ஜாயிண்டைக் கழற்றும் முன் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங் வீலைக் கயிற்றால் கட்டிவிட்டு, தண்டிலும் ஜாயிண்டிலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டார். தண்டின் முனையில் பல் பல்லாக இருக்கும், ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கும். பற்களைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, கோட்டோடு கோடு சேர்த்து மாட்டினார். பழைய போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. பையனை ஸ்பேர் கடைக்கு அனுப்பி, தலையில் இருக்கிற எண்ணைப் பார்த்து அதே தரத்தில் புதுசு வாங்கிவரச் சொன்னார். முதலில் வந்தது எண் இல்லாத போல்ட். திட்டித் திருப்பி அனுப்பினார்.

மொத்தம் 900 ரூபாய், போல்ட்டும் கிரீஸும் சேர்த்து. கழற்றி மாட்டுவதற்கு ஆன நேரத்தைவிடக் கண்டுபிடிக்க ஆன நேரம் அதிகம். கூட நூறு சேர்த்துக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டு, பையனிடம் கொடுக்கச் சொன்னார். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, சாமான் எதுவும் மாற்றவில்லை என்றால் "சும்மா துடைச்சதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவார்கள். நானே பேரத்தில் பிழைக்கிறவன், ஆனால் இங்கே பேசவில்லை. மாங்காயைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்வதற்குத்தானே எனக்கும் காசு கொடுக்கிறார்கள்.

சரி, குறைகள். நிறைய இருக்கின்றன.

லாரி வந்தால் கார் ஓரம். என் வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே ஆந்திரா லோடு லாரி ஒன்று வந்தது. பாய் எழுந்து போய்விட்டார், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லோடு லாரி நின்றால் ஒரு நாள் வாடகை போய்விடும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் கொளுத்துகிற வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே காத்திருப்பது சுகமான விஷயம் இல்லை. உட்கார ஒரு பழைய டயரும் ஒரு ஸ்டூலும்தான். பெண்கள் தனியாக வண்டி கொண்டுவந்தால் காத்திருக்க இடமே கிடையாது. வண்டியை விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து எடுப்பது உத்தமம். போன் செய்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், எடுக்க மாட்டார்.

பில் கிடையாது. கம்பெனி கணக்கில் செலவைக் காட்ட வேண்டியவர்களுக்கு இந்த இடம் ஆகாது. சீட்டில் கவர் போடாமல்தான் உள்ளே ஏறுகிறார்கள். என் சீட் துணியில் கால் பட்ட கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. பழைய பெட்ஷீட் ஒன்று கொண்டுபோய் விரித்துவிடுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை, கை அளவில்தான் முறுக்குகிறார். இத்தனை வருஷக் கை, நம்பலாம் என்றாலும் ஸ்டியரிங் போல்ட்டுக்கு எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. சர்வீஸின் போது வேறு இடத்தில் அளவு வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், சரியாகவே இருந்தது.

எல்லா வண்டியும் அவர் தொடுவதில்லை. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால் வீலைக் கழற்ற மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவார். அதற்குப் பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, முறைப்படி செய்ய வேண்டும், வீலுக்கு அடியில் சுருளாக இருக்கிற நாடா வயர் தாறுமாறாகச் சுற்றினால் அறுந்துவிடும். காலத்திலேயே மோட்டார் வைத்து வருகிற வேகன் ஆர், ஆல்டோ மாதிரி எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டிகளில் கீழே ஜாயிண்ட், ரப்பர் வரைக்கும் பார்ப்பார், மோட்டார் பக்கம் போக மாட்டார். தெரியாததைத் தெரியாது என்கிற மெக்கானிக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என் வண்டிக்கு அதன் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. டக் போனது போனதுதான். கீச் இந்த சீசன் நடுவில் ஒரு நாள் எட்டிப் பார்த்தது. அவரே சொல்லியிருந்தார், மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும் என்று. கொண்டுபோனேன், பையனே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான், 100 ரூபாய். அதோடு டேஷ்போர்டில் ஒரு கடகட சத்தம் இருக்கிறது, அதையும் பாருங்கள் பாய் என்றேன். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது பிளாஸ்டிக்குண்ணா, நம்ம வேலை இல்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், லாரிகள் வர ஆரம்பிக்கும் முன் உங்கள் வண்டி உள்ளே ஏறிவிடும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு மேல்தான் வருவார். ஸ்பேர் சாமானை நீங்களே முன்கூட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அவர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கினால் போதும்.